விழுங்கும், ஆனால் கொல்லாது

கவினைக் குளிப்பாட்டும்போதுதான் கழுத்தின் இடப்பக்கம் அந்தக் கட்டி என் விரலில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீரை அடித்து விளையாடிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு மூன்று வயது.

டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள். கட்டி வற்றியது, மருந்து நின்றதும் திரும்பி வந்தது. பிறகு காய்ச்சல். அதுவும் போவதுபோல் போய்த் திரும்பியது. பெரிய மருத்துவமனையில் சேர்த்தபோது அவன் சாப்பிடுவதையே நிறுத்தியிருந்தான். ஸ்கேனில் கல்லீரலுக்குள் ஒரு சீழ்க்கட்டி தெரிந்தது.

இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கல்லீரலில் எப்படிச் சீழ் பிடிக்கும் என்று என் கணவர் சரவணன் கேட்டார். அதைத்தான் தாங்களும் யோசிக்கிறோம் என்றார் வார்டு டாக்டர். அதுவரை பெரிதாகப் பயப்படாத நான் அந்தப் பதிலைக் கேட்டதும்தான் பயந்தேன்.

அடுத்து வந்த டாக்டர் குழந்தைகளின் நோய் எதிர்ப்புக் குறைபாடுகளைப் பார்ப்பவர், தமிழ்ப் பெண். கவினின் தோளில் இருந்த பி.சி.ஜி. தழும்பை (பிறந்தவுடன் காசநோய்க்கு எதிராகப் போடும் ஊசியின் வடு) வெகுநேரம் பார்த்தார். கைக்குழந்தையாக இருந்தபோது அக்குளில் வீக்கம் வந்ததா என்று கேட்டார். வந்து, உடைந்து, ஆறிவிட்டது என்றேன். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"உங்க அம்மா வழியில ஆம்பளப் பிள்ளைங்க யாராச்சும் சின்ன வயசுல தவறிட்டாங்களா?"

என் அண்ணன். நான் பிறப்பதற்கு முன்பே இறந்தவன். காய்ச்சலில் போய்விட்டான் என்பதற்கு மேல் வீட்டில் யாரும் பேசியதில்லை. கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப்பில் என் தங்கையோடு இருக்கும் அம்மாவுக்கு போன் செய்தேன். கவினுக்கு வந்ததைச் சொல்லிவிட்டு அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அம்மா, "அவனுக்கும் கழுத்துலதான் மொதல்ல வந்துச்சு" என்றார்.

கவினின் ரத்தம் கோலாலம்பூருக்குப் போனது. முடிவு வரும்வரை அவன் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று தோன்றியது.

நோயின் பெயர் நாள்பட்ட கிரானுலோமேட்டஸ் நோய். நியூட்ரோஃபில்கள் (கிருமிகளைப் பிடித்து அழிக்கும் வெள்ளணுக்கள்) கவினுக்கு வேண்டிய அளவு இருக்கின்றன. அவை கிருமியிடம் ஓடிப் போகும், விழுங்கும், ஆனால் கொல்லாது. கொல்வதற்கான வேதிப்பொருளை உண்டாக்க அவற்றுக்குத் தெரியாது. இந்தக் குறை தாயிடமிருந்து மகனுக்கு வரக்கூடியது. டாக்டர் இதை மெதுவாக, என்னைக் குற்றம் சொல்லாத குரலில் சொன்னார். உடனே, உடன்பிறந்த பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

என் தங்கை தேவி இருந்தாள். ஏழு மாதக் கர்ப்பம். பையன் என்று ஸ்கேனில் தெரிந்திருந்தது.

அவளிடம் போனில் சொல்ல முடியாது. சரவணனைக் கவினோடு உட்கார வைத்துவிட்டுக் கடல் பாலத்தைக் கடந்து அவள் வீட்டுக்குப் போனேன். தேவி குழந்தைத் துணிகளைத் துவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சு மட்டும் என்னக்கா செய்ய முடியும்? பயமா இருக்குலா."

"பொறந்ததும் பி.சி.ஜி. ஊசியப் போடாம நிறுத்தி வைக்கலாம். ரத்தம் பாத்து, இருந்தா அன்னைக்கே மருந்து ஆரம்பிக்கலாம். கவின் விஷயத்துல நமக்குத் தெரியாமப் போச்சு."

மற்றக் குழந்தைகளைக் காக்கும் அதே ஊசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள கிருமி. இந்த நோய் உள்ள பிள்ளைக்கு அதுவே ஆபத்து. தேவி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

கவினுக்குச் சீழை வடித்தார்கள். வாரக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏறியது. வீட்டுக்கு வந்த பிறகும் பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று எனத் தினமும் மருந்து உண்டு. காய்ந்த இலை, மக்கிய மண், வீடு இடிக்கும் தூசு, எல்லாவற்றிலும் பூஞ்சை இருக்கும் என்றார்கள். சரவணன் ஆசையாக வளர்த்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எதிர்வீட்டில் சுவரை உடைத்தபோது நாங்கள் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தோம். எலும்பு மஜ்ஜை மாற்றினால் (வேறொருவரின் ரத்தத்தை உண்டாக்கும் குருத்தணுக்களைச் செலுத்தினால்) குணமாகலாம். பொருந்துகிற ஒருவரை இன்னும் தேடுகிறார்கள்.

தேவிக்குப் பிரசவமானது. ஊசியை நிறுத்தி வைத்தார்கள். குழந்தையின் ரத்தமும் கோலாலம்பூருக்குப் போனது. முடிவு தெரிந்த அன்று அவள் கூப்பிட்டாள்.

"அக்கா, இவனுக்கு இல்ல."

மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னாள். பக்கத்து அறையில் கவின் எதையோ உருட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, அந்த ஊசியப் போடச் சொல்லு" என்றேன். அப்புறம் இருவருமே அழுதோம். எதற்காக என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

இந்த நோயின் பெயரை ஒரு டாக்டரின் வாயிலிருந்து கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் அக்கா தங்கைகளிடம் உடனே பேசுங்கள். பயம் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் போகவில்லை.

என் ரத்தத்தையும் பார்த்தார்கள். என் வெள்ளணுக்களில் ஏறக்குறையப் பாதி கொல்லும், பாதி கொல்லாது. ஒரே உடம்பில் இரண்டு பேர் குடியிருப்பதுபோல் இருக்கிறது. அடுத்த வருடம் என்று வீட்டில் யாரும் பேசுவதில்லை. காய்ச்சல் இல்லாத காலை, காய்ச்சல் இல்லாத மாலை என்றுதான் பொழுது போகிறது.

கவின் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான், ஓடுகிறான். நான் பக்கத்தில் போனாலே, விளையாட்டை நிறுத்தாமல், ஒரு கையால் நெற்றி முடியை ஒதுக்கிக் காட்டுகிறான்.