துருவுக்கு மூன்று வருட கேரண்டி

பழைய காருக்குத் துருத் தடுப்பு பெயின்ட் அடிப்பது, ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாத, கோட்டை விட்டால் ஊர் முழுக்கத் தெரிகிற தொழில். கடலூர் முதுநகரில் ஒரு தகர ஷெட் போட்டு, 2005-லிருந்து ஏழு வருடம் இதைத்தான் செய்தேன். பழைய கார் வைத்திருப்பவர்கள், வைத்திருந்து விற்றவர்கள், விற்கவும் முடியாமல் வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருப்பவர்கள் எல்லாருமே எனக்கு ஒருவகையில் உறவுக்காரர்கள்தான். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

போர்டில் மிச்சமிருந்த இடம்

ஷெட் திறந்த வாரம் பெயின்ட் வாங்கப் பாண்டிச்சேரி போயிருந்தேன். போர்டு எழுதும் பொறுப்பை மனைவியின் தம்பி குமாரிடம் விட்டிருந்தேன். 'பழைய கார்களுக்கு பெயின்டிங் செய்யப்படும்' என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அதற்குக் கீழே, அதைவிடப் பெரிய எழுத்தில், 'துருவுக்கு மூன்று வருட கேரண்டி' என்று இருந்தது.

எங்கள் ஊர் உப்புக் காற்றில் துணி காயப்போடும் கம்பியே ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. இங்கே மூன்று வருடம் என்று சொல்ல, பெயின்ட் தயாரிக்கிறவனே யோசிப்பான். அழித்துவிடு என்றேன். அதற்குள் நாலைந்து பேர் படித்துவிட்டு விசாரித்தும் போய்விட்டார்களாம். இனி அழித்தால் என் பேர்தான் கெடும். குமார் கொஞ்சமும் அசரவில்லை. "பலகையில எடம் மீந்துச்சு மாமா, சும்மா வுட மனசு வரல" என்றான்.

கடலை விட்டு வந்தவர்

அந்த போர்டுக்கு உண்மையான சோதனை உடனே வந்துவிடவில்லை. செல்வராசு அண்ணன் மூன்று வருடம் கழித்து, 2008-இல் வந்தார். தாழங்குடாக்காரர். சுனாமிக்குப் பிறகு இனி கடலுக்குப் போவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்து, படகை விற்று, வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய அம்பாசிடர் வாங்கியிருந்தார். அதை நிறுத்துகிற இடத்திலிருந்து கல்லை விட்டெறிந்தால் கடலில் விழும். அடிப்பாகம் முழுக்கத் துரு, அப்பளம் மாதிரி உதிர்ந்தது. அந்த வருட எஃப்.சி. தகுதிச் சோதனையை எப்படியோ தாண்டிவிட்டது. அடுத்த முறை பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தால் கதை முடிந்தது.

உங்கள் இடத்துக்கு கேரண்டியெல்லாம் செல்லாது அண்ணே என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். அவர் போர்டைக் காட்டவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. வண்டியின் மீது கை வைத்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "இது நின்னுபோச்சுன்னா நான் மறுபடி கடலுக்குத்தான் போவணும் மேஸ்திரி, அப்புறம் வூட்டுல அவ சோறு தண்ணி எறங்காம ஒக்காந்துடுவா."

பெண்ணாடத்து வைத்தியம்

தகடுகளைச் சுரண்டுவதற்குக் கம்பி பிரஷ் போதும். கதவுக் கீல், போல்ட் மாதிரிச் சின்னச் சாமான்களில் ஏறிய துருதான் லேசில் வராது. பெண்ணாடத்திலிருந்து கரும்பு லாரி ஓட்டி வரும் ஒருவர் எனக்கு வழி சொன்னார். சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு, மொலாசஸ், அதில் தண்ணீர் கலந்து பத்து நாள் ஊறப் போட்டால் துரு தானாகக் கழன்றுவிடுமாம். மாட்டுத் தீவனத்துக்கு வாங்கியதில் ஒரு கேன் அவரே கொண்டுவந்தும் கொடுத்தார். செல்வராசு அண்ணனின் கீல்களை எல்லாம் ஒரு பீப்பாயில் போட்டு ஷெட்டுக்குப் பின்னால் வைத்தேன்.

வைத்தியம் பலித்தது. ஆனால் வெயிலில் பாகு புளித்து நுரை கட்ட ஆரம்பித்துவிட்டது. அந்த வாசனை என்னவென்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆறாம் நாள் காலையில் ஒரு ஏட்டும் இரண்டு போலீஸும் வந்து, யாரையும் கேட்காமல் நேராகப் பின்பக்கம் போனார்கள். நான் சொன்ன விளக்கத்தை அவர்கள் காதில் வாங்கவே இல்லை. ஏட்டு ஒரு கழியால் பீப்பாயைத் துழாவி, கீல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். எட்டாவது கீல் வந்ததும் கழியைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாராய ஊறல்ல பேட்டரி போடுறவன புடிச்சிருக்கேன், கதவுக் கீலு போடுறவன இப்பதான்யா பாக்குறேன்."

பனியன்

மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி தன் பழைய ஃபியட்டையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். மேலே மட்டும் பளபளவென்று அடித்தால் போதும் என்பது அவர் கட்சி. கதவுக்குள்ளும் தரைக்கு அடியிலும் துருத் தடுப்பு அடிப்பது ஜாஸ்தி வேலை, அதை எவன் படுத்துக்கொண்டு பார்க்கப் போகிறான் என்று அரை மணி நேரம் வாதாடினார். நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். கூட வந்த அந்தம்மா நிதானமாகக் கேட்டார்: "அப்ப நீங்க பனியன் எதுக்குங்க போடுறீங்க?"

ஆராய்ச்சியின் பயன்

அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பேராசிரியர் தன் பழைய காரோடு வந்தார். துருவைப் பற்றியே படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, இரும்பும் ஈரமும் உப்பும் சேர்ந்து என்னென்ன செய்யும் என்று பக்கத்தில் நின்று பாடமே நடத்தினார். உண்மையில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். செல்வராசு அண்ணன் வண்டிக்கு எங்கெல்லாம் ஆபத்து என்று அன்றுதான் முழுதாகப் புரிந்து, ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

டிரைவர் சீட்டுக்கு முன்னால் கிடந்த கால்மிதியை எடுத்தேன். அடியில் தடியான ஒரு பைண்டு புத்தகம். அதையும் எடுத்தால் வறட்டி அளவுக்கு ஓட்டை, கீழே சிமெண்டுத் தரை தெரிந்தது. புத்தகத்தின் அட்டையில் இருந்தது அவர் பெயர்தான், பட்டத்துக்கு எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை. கூச்சப்படுவார் என்று நினைத்தேன். அவர் அதை வாங்கித் தூசி தட்டிக்கொண்டே சொன்னார்: "என் ஆராய்ச்சி ஒரு காரைத் துருவுலேருந்து காப்பாத்துச்சுன்னா, அது இது ஒண்ணுதான் தம்பி."

உள்ளங்கை

செல்வராசு அண்ணனின் அம்பாசிடருக்கு கேரண்டியும் கொடுத்தேன், வேலையிலும் குறை வைக்கவில்லை. வெறும் தகடு தெரிகிற வரை சுரண்டி, துருத் தடுப்பு இரண்டு கோட், அது நன்றாகக் காய்ந்ததும் மேலே கறுப்பு பெயின்ட். இருந்தாலும் ஒவ்வொரு எஃப்.சி. அன்றும் நான்தான் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டு முறை தப்பியது. மூன்றாவது, 2011-இல். கேரண்டி முடிகிற மாதமும் அதுதான். முதல் நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. புது வண்டி மாதிரி மின்னியது. நம்ப முடியாமல் உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தேன். ஷெட்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டி, பெயின்ட் அடிப்பது எப்படி என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். மறுநாள் மதியம் எஃப்.சி. ஆகிவிட்டது என்று செல்லில் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கடலுக்குப் போக வேண்டியதில்லை.

சாயங்காலம் உள்ளங்கை எரிய ஆரம்பித்தது. விடிந்தபோது கொப்புளம் கொப்புளமாக இருந்தது. என் மனைவி பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் காட்டில் வளர்ந்தவள். ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பட்ட புண்ணாச்சே, நீங்கள் எங்கே போய் முந்திரி உடைத்தீர்கள் என்று கேட்டாள். மரப் படகு உப்புத் தண்ணீரில் கெடாமல் இருக்க மீனவர்கள் பூசுகிற கறுப்பு எண்ணெய் அது. செல்வராசு அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "உங்க பெயின்ட்டு ரொம்ப நல்ல பெயின்ட்டு மேஸ்திரி, உப்புக் காத்துல அது வீணாயிடக் கூடாதேன்னுதான் மாசாமாசம் அதுமேல படகு எண்ணெய் பூசிக்கிட்டு வரேன்."

அந்த வண்டியைக் காப்பாற்றியது என் பெயின்ட்டா அவர் எண்ணெயா என்று இன்றுவரை நான் சுரண்டிப் பார்க்கவில்லை. துருவோடு ஏழு வருடம் மல்லுக்கட்டியதில், எந்த இடத்தில் சுரண்டக் கூடாது என்பதையாவது கற்றுக்கொண்டிருக்கிறேன்.