பபூன் வெள்ளைத்துரையின் ஒரே படம்

மேடையில் வெள்ளைத்துரை தலையைக் காட்டினால் போதும், தூங்கி வழிந்த கூட்டம் நிமிர்ந்து உட்காரும். மதுரைப் பக்கம் எந்த ஊர்ப் பொங்கலுக்கு நாடகம் போட்டாலும் பபூன் வேடத்துக்கு அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய அப்பா பேயாண்டிக்கு மட்டும் அது ஆகவில்லை. பழங்காநத்தத்தில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்து வெள்ளாமை செய்த மனிதர்.

"மூஞ்சியில அரிதாரத்தப் பூசிக்கிட்டு ஆடுறவன் எம் மகனில்ல" என்று சொல்லி வீட்டை விட்டு அனுப்பினார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளைத்துரை பெண்டாட்டி பாண்டியம்மாளோடு ஆரப்பாளையத்தில் குடியிருந்தான். பேயாண்டிக்குப் புரை விழுந்து பார்வை போனதும் சோறாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தது அவள்தான். சாப்பிடுவார், மாடு கன்றைப் பற்றிப் பேசுவார். மகனைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார்.

பேசும் படம் எடுக்கிறவர்கள் மதுரைக்கு வந்து நாடகக்காரர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளைத்துரைக்கு அரண்மனைக் காவல்காரன் வேடம் கிடைத்தது. சேலத்துக்குப் போய் நடித்தான். மழையில் நனையும் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்களாம். காய்ச்சலோடுதான் ஊர் திரும்பினான்.

"படம் வரட்டும் புள்ள, நீ என்னையப் பாத்துச் சிரிக்கிறத நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்" என்று படுத்துக்கொண்டே பாண்டியம்மாளிடம் சொன்னான். அது விஷக்காய்ச்சல். பிழைக்கவில்லை. சேதி கேட்டு வந்த பேயாண்டி, மகனுடைய காலைத் தடவிப் பார்த்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். அழவில்லை.

சில மாதம் கழித்துப் படம் வந்தது. ராஜா வேடம் போட்டவரின் பாட்டுகளைவிட, கதவோரம் தூங்கி விழும் காவல்காரனைத்தான் ஊர் பேசியது. பக்கத்து வீட்டு முத்துத்தாய் பாண்டியம்மாளை வற்புறுத்திக் கூட்டிப்போனாள். திரையில் வெள்ளைத்துரை திடுக்கிட்டு விழித்து, தொண்டையைச் செருமி, "யார்ரா அங்கிட்டு?" என்று கேட்டதும் கொட்டகை அதிர்ந்தது. பாண்டியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தச் செருமலும் வார்த்தையை இழுக்கிற இழுப்பும் அச்சு அசலாக மாமனாருடையவை.

மறுநாள் காலையிலேயே பழங்காநத்தத்துக்குப் போனாள்.

"மாமா, அவுக பேசுறாக. வந்து கேளுங்க."

"செத்தவன் எப்பிடித் தாயி பேசுவான்?"

"படத்துல மாமா. கண்ணு எதுக்கு? காது போதும்."

அவர் தடவித் தடவித் துண்டைத் தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "வண்டிய வரச் சொல்லு" என்றார்.

கொட்டகையில் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாட்டும் கத்திச் சண்டையும் போய்க்கொண்டே இருந்தன. காவல்காரன் செருமினான். கிழவரின் பிடி இறுகியது.

"யார்ரா அங்கிட்டு?"

பேயாண்டி எழுந்து நின்றுவிட்டார். "நாந்தாம்ப்பா. ஒங்க அய்யா வந்திருக்கேன்."

கொட்டகை மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், "பெருசு, நீயும் படத்துல சேந்துக்க!" என்று கத்தினான். திரையில் காவல்காரன் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். பாண்டியம்மாள் அவரை இழுத்து உட்கார வைத்தாள். அப்போதுதான் அவர் அழுதார்.

திரும்பி வரும்போது வண்டியில் சொன்னார்: "நான் பேசாமயே இருந்தேன் தாயி. அவன் எம் பேச்ச வச்சுத்தான் பொழச்சிருக்கான்."

பிறகு, "மீசை வச்சிருந்தானா?" என்று கேட்டார்.

"பெரிய மீசை மாமா. ஒட்டு மீசை."

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு."

பாண்டியம்மாள் ஆரப்பாளையம் வீட்டைக் காலி செய்து மாமனாரோடு போய் இருந்தாள். பஞ்சு மில்லில் வேலைக்குப் போய் அவரையும் பார்த்துக்கொண்டாள். வேறு கல்யாணம் செய்யச் சொன்னவர்களிடம் மில்லுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

சில வருஷம் கழித்து, உலகச் சண்டைக் காலத்தில் அந்தப் படம் பக்கத்து ஊர்க் கூடாரக் கொட்டகைக்குத் திரும்ப வந்தது. படம் வந்ததைத் தமுக்கடித்துச் சொன்னதிலிருந்து பேயாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மில் விட்டதும் முதல் நாள் அவள் மட்டும் போய்ப் பார்த்தாள். படம் முழுக்கக் கீறல். அரண்மனைக் கதவு தெரிந்தது. அடுத்த நொடியே ராணி தோட்டத்தில் பாடிக்கொண்டிருந்தாள். காவல்காரன் வரவே இல்லை. படம் ஓட்டுகிறவரிடம் கேட்டாள். "பழைய படம்மா. பிலிமு அத்து அத்து, ஒட்டி ஒட்டி, அந்த எடமே இல்லாமப் போச்சு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பேயாண்டி குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, தோளில் துண்டோடு தயாராக இருந்தார்.

"போவமா தாயி?"

"அது அந்தப் படமில்ல மாமா. பேரு மட்டுந்தான் ஒண்ணு. வேற யாரோ நடிச்சது."

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அது திரும்ப வரும்ல?"

"வரும் மாமா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள், விறகுப் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.