பதினாலு கட்டைவிரல்

எனக்குக் கோபம் வந்தா லேசுல அடங்காது. ஆயில் அண்ணன் விஷயத்தைப் பேசினா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

எங்க ஆஸ்பத்திரியில அஞ்சு மாடி, மூணு லிஃப்ட். மூணையும் இருபத்தாறு வருஷமா பார்த்துக்கிட்டது அவர்தான். சட்டைப் பையில எந்நேரமும் எண்ணெய்க்கறை, அதான் அந்தப் பேரு. "என்னைக் கட்டினதுக்கு அந்த லிஃப்டையே கட்டியிருக்கலாம் நீங்க"ன்னு அண்ணி திட்டிக்கிட்டே துவைப்பாங்களாம். மூத்த பொண்ணைக் கட்டிக்கொடுத்தாச்சு. சின்னவ கடைசி வருஷம் படிக்கிறா. ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். யாருக்கு என்ன சேதி சொல்லணும்னாலும் என்கிட்ட சொன்னாப் போதும், மாடி மாடியா போன் போட்டுச் சொல்லிடுவேன். அப்புறம் புது மேனேஜர் வந்தாரு. வந்த மாசமே என் டெலிபோன் போர்டைக் கழட்டிப் போட்டுட்டு, எல்லார் செல்லுலயும் ஒரு சாட் ஆப்பை ஏத்தி குரூப் ஆரம்பிச்சாரு. அதுலயே காலும் பண்ணலாம், ஆனா பண்ணக்கூடாது! "பேசினா காத்தோட போயிடும், எழுதினாத்தான் ரெக்கார்டு"ன்னு உத்தரவு. சுவர்ல, கதவுல அறிவிப்பு அட்டை தொங்கக்கூடாது, பார்க்க அசிங்கமா இருக்காம். எந்த மெசேஜ் வந்தாலும் பத்து நிமிஷத்துக்குள்ள, படிச்சாச்சுன்னு கட்டைவிரல் படம் போடணும். போடாதவங்க பேரு சாயங்காலம் லிஸ்டா வரும்.

நாளைக்கு இருநூறு மெசேஜ் வந்தா மனுஷன் என்ன பண்ணுவான்? டீ தீர்ந்துபோச்சுன்னா கட்டைவிரல். கணக்குப் பிரிவுக்காரரோட அப்பா செத்துட்டார்னு வந்ததுக்கும் கட்டைவிரல். கை பாட்டுக்குப் போகும், கண்ணு வேற எங்கேயோ இருக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, சரக்கு லிஃப்ட்ல மூணாவது மாடிக் கதவுப் பூட்டு தேஞ்சு போயிருக்கிறதை அண்ணன் பார்த்துட்டார். லிஃப்ட் வராமலே கதவு திறக்குது, உள்ள வெறும் பள்ளம். மெயினை அணைச்சார், கதவைக் கம்பியால இறுக்கிக் கட்டினார். அப்புறம் ஒத்தை விரலால தட்டித் தட்டி குரூப்ல எழுதினார்: "மூணாவது மாடி சரக்கு லிஃப்ட் கதவை யாரும் தொடாதீங்க. கீழே விழுந்துடுவீங்க. பூட்டு வாங்கிட்டு வரேன்." பத்து நிமிஷத்துல பதினாலு கட்டைவிரல் விழுந்துச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சுன்னு நம்பி அவர் கடைக்குக் கிளம்பிட்டார்.

துணி செக்‌ஷன் சூப்பர்வைசரும் கட்டைவிரல் போட்டவன்தான். அரை மணி நேரத்துல அவனே வந்து, "எவன்டா இதைக் கட்டினது"ன்னு கம்பியை அவுத்தெறிஞ்சான். அவனுக்குக் கீழே வேலை செய்யற பொண்ணு கான்ட்ராக்ட். அவளை எல்லாம் குரூப்லயே சேர்க்கலை. தலை உயரத்துக்குப் படுக்கை விரிப்பை அடுக்கின வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தா. கதவை இழுத்தா, திறந்துச்சு. வண்டியோட உள்ள போயிட்டா.

உயிர் பிழைச்சா. வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சிருச்சு.

மறுநாள் வீடியோ கால்ல விசாரணை. அவங்கவங்க இருந்த இடத்துல இருந்தே செல்லுல சேர்ந்தோம். டைரக்டர் அம்மா வெளியூர்ல இருந்து பேசினாங்க. மேனேஜர் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "இவ்வளவு பெரிய ஆபத்து, ஒருத்தருக்காவது கால் பண்ணணும்னு தோணலையா?"ன்னு அண்ணன்கிட்ட கேட்டார்.

"பண்ணக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"அவசரத்துக்குக் கூடவா? பொது அறிவு வேண்டாம்? இது அலட்சியம் மேடம். இவரை வேலையில வச்சுக்க முடியாது."

அடப்பாவி! மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? அத்தனை பேரும் மைக்கை அணைச்சுட்டுக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. நான் மைக்கைத் திறந்தேன். மேனேஜர் போட்ட உத்தரவைத் தேடி எடுத்து, தேதியோட சத்தமாப் படிச்சேன். கால் கூடாது, அட்டை கூடாது, ஒரு வரி விடலை. "உங்களுக்கு வேணும்னா ரெக்கார்டு, மாட்டிக்கிட்டா பொது அறிவா சார்? இருபத்தாறு வருஷம் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாமப் பார்த்துக்கிட்ட மனுஷனையா துரத்துவீங்க?"

மேனேஜர் கேமராவை அணைச்சுட்டார். டைரக்டர் அம்மா, "அவர் வேலையில இருக்கட்டும். மேனேஜர், நீங்க மட்டும் லைன்ல இருங்க"ன்னாங்க.

நான் மூச்சிரைக்க மொட்டை மாடிக்கு ஓடினேன். அண்ணன் மோட்டார் ரூம்ல, பழைய பூட்டைப் பிரிச்சு மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, வேலை தப்பிச்சுதுண்ணே! கிழிச்சுத் தொங்கவிட்டுட்டேன் பாருங்க அந்த ஆளை!"

"கேட்டேம்மா. நீ மட்டும் வாயைத் திறக்கலைன்னா நான் நடுத்தெருவுலதான் நின்னிருப்பேன். ரொம்ப நன்றிம்மா." கையைத் துணியில துடைச்சார். "அந்தப் பதினாலு பேர் யார் யாருன்னு ராத்திரி பார்த்தேன். உன் பேரும் இருந்துச்சு."

நான் செல்லை எடுத்துப் பார்த்தேன். இருந்துச்சு.

"கோவிச்சுக்காதே, தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். படிச்சுட்டாம்மா போட்டே?"

"இல்லண்ணே"ன்னேன்.