டுகாயை எழுதியவள்

என் மகன் என்னை நம்பிச் சொன்ன ஓர் அவமானத்தை, ஊரே சிரிக்கும்படி எழுதினேன். எழுதியது யார் என்று அவன் கேட்டபோது, என் தோழி என்று பொய் சொன்னேன். இன்றுவரை அந்தப் பொய்யைத் திருத்தவில்லை.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அதையும் தமிழில் சொல்கிறேன். என் மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. என் தோழிக்கு இரண்டுமே வராது. நான் எப்படிப்பட்டவள் என்பது உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும்...

நான் கல்கத்தாவில் வளர்ந்தவள். அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்தார். ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பவில்லை. என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, வீடு பவானிபூரில். நான் டாலிகஞ்சில் ஓர் அனிமேஷன் நிறுவனத்தில் கதை வசனம் எழுதுகிறேன். வீட்டில் தமிழ், வேலையில் வங்காளம். இருபது வருடமாக இப்படித்தான்.

எங்கள் நிறுவனம் ஒரு குடும்பத் தொடர் எடுத்தது. சண்டைக்கார அப்பா, சலித்துக்கொள்ளும் அம்மா, கெட்டிக்கார அக்கா, கடைசியாக டுகாய் என்று ஒரு பையன். பெரிய காதுகள், படியாத தலைமயிர். நானும் மிதாலியும் சேர்ந்து எழுதினோம். எந்தப் பாகத்தை யார் எழுதினாலும் திரையில் இருவர் பெயரும் சேர்ந்தே வரும்.

மிதாலி என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கரியாஹாட்டில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குத் தோசை சாப்பிட வருவாள். என் மகன் கோகுல் அவளை மாஷி என்று கூப்பிடுவான். தாயின் சகோதரியை, தாயின் சினேகிதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் வருகிற சத்தம் மாடிப்படியில் கேட்டாலே ஓடிப்போய்க் கதவைத் திறப்பான். பாதி நாள் அந்தக் கதவிலேயே முட்டிக்கொள்வான்.

முதல் பத்துப் பதினைந்து பாகங்களில் டுகாய் வெறும் அசடாக இருந்தான். விழுவான், எழுவான், அவ்வளவுதான். யாருக்கும் பிடிக்கவில்லை. அப்போதுதான் நான் என் மகனை எடுத்து டுகாய்க்குள் வைக்கத் தொடங்கினேன்.

கோகுல் நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் ஸாரி சொல்வான். மழைக்காலத்தில் பையில் இரண்டு குடை வைத்திருப்பான், யாராவது மறந்து வந்திருந்தால் கொடுப்பதற்கு. இரண்டையும் கொடுத்துவிட்டுத் தான் நனைந்து வருவான். ஒருமுறை மெட்ரோவில் ஓர் இளம்பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்தான். அவள் வேண்டாம் என்றதும், "இல்ல, உங்களுக்கு ரொம்ப வயசாயிருக்குமோன்னு நெனச்சேன்" என்று விளக்கமும் சொல்லி நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான்.

எல்லாவற்றையும் எழுதினேன். டுகாய்க்கு உயிர் வந்தது. குழந்தைகள் அவனுக்காகவே தொடரைப் பார்த்தார்கள். கோகுலும் பார்த்துச் சிரித்தான். "டுகாய் நல்லவன்மா, ஆனா அவனுக்குச் சரியா வரமாட்டேங்குது" என்பான். அப்போது எனக்கு அது குற்றமாகத் தோன்றவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து எழுதுவதில் என்ன தவறு?... அப்படித்தான் நினைத்தேன்.

அவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது சரஸ்வதி பூஜை வந்தது. அன்று இங்கே பிள்ளைகள் புதுத்துணி உடுத்திப் பள்ளிக்கூடம் போவார்கள். பெண்கள் மஞ்சள் புடவை, பையன்கள் வேட்டி. கோகுல் தன் அப்பாவின் வேட்டிதான் வேண்டும் என்றான். அவர் அதிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தார். நானே கட்டிவிட்டேன், அவசரமாக.

பூவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரும் மந்திரம் சொல்லும் நேரத்தில் வேட்டி அவிழ்ந்துவிட்டது. அவன் பக்கத்திலிருந்த பந்தல் மூங்கிலோடு ஒட்டி நின்று, வேட்டி நழுவாமல் மூங்கிலையும் தன்னையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பூஜை முடிந்தது. எல்லாரும் கிச்சடி சாப்பிடப் போனார்கள். இவன் நகரவில்லை. ஆசிரியர் வந்து கேட்டதற்கு, "மூங்கில் ஆடுது ஸார், விழுந்துடும், நான் பிடிச்சிட்டிருக்கேன்" என்றிருக்கிறான். ஆள் வந்து மூங்கிலை இறுக்கிக் கட்டும்வரை ஒரு மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறான்.

மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தி, பொறுப்பு என்றால் இதுதான் என்று ஆசிரியர் பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பள்ளியில் அவனுக்காக யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

அன்று மாலை என்னிடம் வந்து உண்மையைச் சொன்னான். சொல்லும்போது சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "கைதட்டினப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சும்மா. யார்கிட்டயும் சொல்லாத" என்றான். "சொல்லமாட்டேன்டா" என்றேன்.

எட்டு மாதம் கழித்து, துர்கா பூஜைக்குச் சிறப்புப் பாகம் வேண்டும் என்று தயாரிப்பாளர் நெருக்கினார். என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பிற்பகல், ஸ்டுடியோ கேன்டீனில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினேன். வேட்டி, மூங்கில், கிச்சடி வாசனை, ஆசிரியரின் பாராட்டு, கைதட்டல்... ஒன்றையும் விடவில்லை. சரஸ்வதியைத் துர்க்கையாக மாற்றினேன். அது ஒன்றுதான் என் மனச்சாட்சிக்கு நான் செய்த மரியாதை.

படித்துக்காட்டியபோது அறையே சிரித்தது. மிதாலியும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்: "இது நம்ம கோகுல் இல்லையே?"

"சேச்சே, கற்பனை" என்றேன்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாளே அவன் வகுப்பு கண்டுபிடித்துவிட்டது. டுகாயின் கதை யாருடைய அம்மாவிடமிருந்து வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியாதா? அன்றிலிருந்து அவன் பெயர் டுகாய். அவன் போகுமிடமெல்லாம் யாராவது ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஸார், ஆடுது ஸார்" என்பார்கள். அந்த ஆசிரியரும் சிரித்தார் என்று கேள்விப்பட்டேன்.

அவன் அழவில்லை. பையைக்கூட இறக்காமல் என் எதிரே வந்து நின்றான்.

"அம்மா, அத நீ எழுதினியா?"

இதோ, இந்த இடத்தைத்தான் நான் ஏழு வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கோபித்திருப்பான், அழுதிருப்பான், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பான். ஆனால் அவன் முகத்தில் இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அதை இழக்க எனக்குத் துணிவில்லை.

"இல்லடா. மிதாலி மாஷி எழுதினது. ஏதோ பேச்சுவாக்குல சொல்லிட்டேன். அவ அத எழுதிட்டா. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல."

அவன் தலையை ஆட்டினான். "நீ சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னான். உள்ளே போய்விட்டான்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிப்படியில் மிதாலியின் சத்தம் கேட்டால் அவன் அறைக்கதவு மூடிக்கொள்ளும். பரீட்சை என்றேன், தலைவலி என்றேன். அவள் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவள் தட்டில் சட்னி ஊற்றுவேன்.

மூன்று மாதம் அப்படிப் போயிற்று. ஒருநாள் பள்ளி விட்டதும் கோகுல் யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கரியாஹாட் போயிருக்கிறான். மறுநாள் ஸ்டுடியோவில் மிதாலி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் வங்காளத்தில் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"உன் பையன் நேத்து வந்தான். 'மாஷி, உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன், இப்ப இல்ல. நீங்க வேணும்னு செஞ்சிருக்க மாட்டீங்க'ன்னு சொன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"தப்புதான், மன்னிச்சிடுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல? மன்னிக்கணும்னு அவ்வளவு தூரம் வந்திருக்கிற பிள்ளை. ஆளில்லேன்னு எப்படித் திருப்பி அனுப்புறது?"

அவள் எழுந்துகொண்டாள். "நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது நீ."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திக்கொண்டாள். அடுத்த வருடம் வேலையையும் விட்டுவிட்டு, தங்கையோடு இருக்க சிலிகுரி போய்விட்டாள்.

கோகுல் அவளோடு பழையபடி ஒட்டிக்கொண்டான். போனில் மணிக்கணக்காகப் பேசுவான். என்னிடம் பிரியமாகத்தான் இருந்தான், இருக்கிறான். ஆனால் அன்றாடம் நடந்ததைச் சொல்வது மட்டும் நின்றுபோயிற்று. "இன்னிக்கு என்னடா?" என்றால், "ஒண்ணும் இல்லம்மா" என்பான். அவனிடமிருந்து எத்தனை குடைகள் பறிபோயின, எத்தனை பேரிடம் ஸாரி சொன்னான், எதுவும் எனக்குத் தெரியாது. டுகாயை இப்போது முழுக்க முழுக்கக் கற்பனையாகத்தான் எழுதுகிறேன். தொடர் நன்றாகவே ஓடுகிறது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைத்தது. அவனுடைய ஒவ்வொரு பிறந்தநாளும் வாய்ப்புதான். பள்ளி முடியட்டும் என்றேன். கல்லூரி சேரட்டும் என்றேன். இனிமேல் சொன்னால் ஒரு பொய்யையா சொல்வேன்? ஏழு வருடத்தையல்லவா சொல்ல வேண்டும்?... களைத்துப்போய்விட்டேன். மறைப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் மிதாலி கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கல்கத்தா வந்தாள். கரியாஹாட்டில் ஓர் உறவினர் வீட்டில் தங்கினாள். கோகுல் கல்லூரியிலிருந்து நேரே அங்கே போய், அவளுக்குச் சொட்டு மருந்து விட்டுவிட்டு வந்தான். தினமும் போனான். நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. அலுவலகத்தில் வேலை என்றேன்.

நான்காம் நாள் இரவு சமையலறை வாசலில் வந்து நின்றான். இருபது வயது, என்னைவிட ஓர் அடி உயரம். நிலைப்படியில் இடித்துக்கொண்டு தலையைத் தடவியபடியே கேட்டான்.

"மாஷி உன்ன விசாரிச்சாங்கம்மா. நீ ஏன் வரமாட்டேங்கற? அந்தப் பழைய விஷயத்துக்காகவா?"

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எனக்காக நீ இன்னும் அவங்க மேல கோவமா இருக்க, அதானே? நானே விட்டுட்டேன்மா. அவங்க பாவம், உன்னயே கேட்டுட்டிருக்காங்க. அன்னிக்கு நீ ஒருத்தியாவது வேண்டாம்னு சொன்னியே, எனக்கு அது போதும். நீயும் மன்னிச்சிடேன்."

வாயைத் திறந்தேன். ஏழு வருடம் தொண்டைவரை வந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான், அதே முகத்தோடு.

"சரிடா... மன்னிச்சிட்டேன்" என்றேன்.

"தேங்க்ஸ்மா" என்று சொல்லிவிட்டு, அவன் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான்.