கேட்டது மட்டும்தானே

என் தங்கை மகளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவோம். குரல் அவ்வளவு மெத்து. பொங்கி வரும் பால்கூட அவள் "இரு" என்றால் இருக்கும். நான் அளப்பதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதியே போதும். அந்தக் குரலுக்காகத்தான் அவசர உதவி மையத்தில் போன் எடுக்கும் வேலைக்கு அவளைச் சேர்த்தார்கள். தீயோ விபத்தோ, ஊர் அலறினால் முதலில் அவள் காதில்தான் விழும். வண்டி போய்ச் சேரும்வரை அலறுகிறவரை விடாமல் பேச்சில் பிடித்துவைக்க வேண்டும். வருடக்கணக்காகப் பிடித்துவைத்தாள்.

போன வருடம் ஒரு மாடிவீட்டில் தீ. உள்ளே மாட்டிக்கொண்ட பெண்ணும் இவளும் பேசிக்கொண்டே இருந்தார்கள், அந்தப் பக்கம் பேச்சு நிற்கும்வரை. அதற்கப்புறம் போன் மணி அடித்தாலே பஞ்சுவுக்கு மூச்சடைக்கும். தன் போனைப் புடவைக்குள் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மனநல மருத்துவர் இது வேலையால் வந்த நோய், குணமாகும்வரை அந்த நாற்காலிப் பக்கமே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டாள். கிடைத்தால் வீட்டிலிருந்து குணமாகலாம். கிடைக்காவிட்டால் மறுபடி அதே நாற்காலி, அதே மணி.

நஷ்டஈட்டு அலுவலகம் பதில் போட்டது. தீயணைப்பு வீரருக்கு உண்டு, ஆம்புலன்ஸ்காரருக்கு உண்டு. மனுதாரர் சம்பவ இடத்தில் இல்லை, கேட்டது மட்டுமே, ஆகவே கிடையாது. போதாக்குறைக்கு, விசாரணைக்காகப் பலமுறை போன் செய்தும் அவர் எடுக்கவில்லையாம். போன் எடுக்க முடியவில்லை என்று மனுப் போட்டவளைப் போனில் விசாரிக்கிறார்கள். கால் ஒடிந்தவனை ஓடிவந்து காட்டச் சொல்வார்கள் போலிருக்கிறது. காதுக்கும் மனசுக்கும் நடுவே சுவர் எழுப்பிய கொத்தனார் யாரென்று தெரிந்தால் தேவலை.

நேரிலேயே போனோம். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக்கார அதிகாரி. அவர் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சார், அதை எடுங்களேன்," என்றாள் பஞ்சு. உதடு வெளுத்திருந்தது.

"அது அப்படித்தாம்மா அடிச்சுக்கிட்டே இருக்கும். நீங்க விஷயத்தைச் சொல்லுங்க."

அடிக்கிற மணியை அடிக்க விட்டுவிட்டு நிற்பது அவளால் ஆகாத காரியம். எக்கி ரிசீவரை எடுத்தாள். "அவசர உதவி. நான் இருக்கேன், சொல்லுங்க," என்றாள். மறுமுனையில் யாரோ ஆபீஸ் எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டார்கள். ரிசீவரைத் திரும்ப வைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அதிகாரிக்குச் சிரிப்பு. "எடுக்க முடியாதுன்னு மனு. இப்ப எடுத்துட்டீங்களே. இதையும் குறிச்சுக்கவா?"

"தம்பி, கொஞ்சம் நாக்கை அடக்கிப் பேசுங்க," என்று நான் ஆரம்பித்தேன்.

"இருங்க பெரியம்மா." என் கையைப் பிடித்தாள். "குறிச்சுக்கங்க சார். முழுசாவே குறிச்சுக்கங்க. அன்னிக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க, நான் என்ன சொன்னேன், எல்லாம் சொல்றேன். நீங்க அங்க இல்லையே. கேக்க மட்டும்தானே போறீங்க."

அதே பஞ்சுக் குரலில் ஆரம்பித்தாள். அவர் தட்டச்சு செய்தார். கதவைத் திறக்கட்டுமா என்று அந்தப் பெண் கேட்டது, வேண்டாம், ஈரத்துணியை இடுக்கில் திணியுங்கள் என்று இவள் சொன்னது, ஜன்னல் திறக்க வராதது.

"பையன் தூங்கிட்டான்னு சொன்னாங்க. சரி, தூங்கட்டும்னு சொன்னேன். எனக்குத் தெரியும் சார், அது தூக்கம் இல்லன்னு."

அவர் விரல்கள் நின்றன. "போதும்மா."

"இன்னும் முடியல சார். எனக்குப் போதும்னு சொல்ல முடிஞ்சுதா? எழுதுங்க."

எழுதினார், கடைசிவரை. மறுநாளே அவர் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினார் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்; அது என் கைச்சரக்கு. மனுவை மறுபடி எடுத்துக்கொண்டார், நஷ்டஈடு வந்தது, அதுதான் நிஜம். எல்லோரும் வந்து வாழ்த்தினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைக் கொடுப்பதற்காக அவளை அந்த மாடிவீட்டுக்குள் இன்னொரு தரம் அனுப்பிவிட்டார்களே.