சூறைக்காற்றைத் துரத்திய மத்தியானம்

பி.யூ.சி. பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த கோடை அது. சூறைக்காற்றைப் படம் பிடித்தே தீருவதென்று எனக்கொரு வெறி. மாமாவின் பெட்டிக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் காரிமங்கலத்தைச் சுற்றிச் சைக்கிளில் அலைவேன்.

ஒருநாள் மாட்டியது. தரைக்கும் வானத்துக்குமாக ஒரு செம்மண் தூண்! "போகாதே, நில்லு, நில்லு" என்று காற்றிடமே கத்திக்கொண்டு பின்னால் மிதித்தேன். கொல்லைகளைத் தாண்டி ஒரு சிற்றூருக்குள் அது புகுந்தபோது அருமையான படம் கிடைத்தது. சந்தோஷத்தில் குதித்தேன்.

தூசி அடங்கியதும் ஊருக்குள் போனேன். முதல் வீட்டுக்குக் கூரையே இல்லை. நான்கு மண்சுவர்தான் நின்றது. என் பேண்டையும் கேமராவையும் பார்த்துவிட்டு அந்த வீட்டுப் பெண் ஓடிவந்தாள்.

"தாலுக்கா ஆபீசுங்களா சார்? அதுக்குள்ள வந்துட்டீங்களே! போன வாரந்தான் கரும்புத் தோகை வாங்கி வூட்ட மேஞ்சோம். நல்லாப் பாத்து எழுதிக்குங்க சார்."

"இல்லைங்க... நான் சும்மா, காத்தப் பாக்க வந்தேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு? எங்களுக்குத் தெரியலீங்க, கண்ணெல்லாம் மண்ணு."

நான் சைக்கிளைத் திருப்பினேன்.

படத்தைக் கழுவி வாங்கியதும் நண்பர்கள் அசந்துபோனார்கள். "தூணுக்குள்ள பறக்குறது காக்காயாடா?" என்றான் ஒருவன். உற்றுப் பார்த்தேன். அத்தனையும் கரும்புத் தோகை.

"ஆமாண்டா, காக்காதான்" என்றேன்.

அதைவிட நல்ல படம் எனக்கு இன்னும் அமையவில்லை. அதன்பின் அதை யாருக்கும் காட்டவும் மனம் வரவில்லை.