கோட்டின் மேல் நின்ற பந்து

கால்பந்து நடுவர் என் பேரன் அணிப் பையன் ஒருவனின் பூட்ஸைத் தடவிப் பார்த்து, சரிசெய்து வரச் சொல்லி வெளியே அனுப்பினார். ஆட்டம் நிற்கவில்லை. பேரனின் ஆட்டத்தைப் பார்க்க வந்த என் கால்கள் பரபரத்தன.

வெள்ளைக்காரர் காலத்தில், ஆம்பூரில், என் நைனாவையும் இப்படித்தான் அனுப்பினார்கள். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. மிச்சத் தோலைக் குமிழ்களாக வெட்டி, வழுக்காமலிருக்க அடிப்பக்கம் ஆணியடித்து அவரே செய்த பூட்ஸ் அது. ஜோலார்பேட்டை ரயில்வே ஆட்களோடு ஆட்டம். தடவிய நடுவரின் விரலில் ஆணி குத்தியது.

"ஆணிய மடக்கிட்டு வாப்பா. ஆனா பந்து வெளிய போனாத்தான் உள்ள வரணும்."

நைனா கல்லால் ஆணியை மடக்கிவிட்டு, கோட்டருகே என் பக்கத்தில் நின்று துடித்தார். பந்து வெளியே போகவே இல்லை.

"கரீம் பாய், வெளிய அடி பாய்!"

கூட்டாளி கரீம் பாய் அடித்தார். பந்து உருண்டு வந்து, நைனாவின் காலடியில், சரியாகக் கோட்டின் மேல் நின்றது.

"கோட்டு மேல இருந்தா உள்ளதான். தொடாத!" என்றார் நடுவர்.

நைனா தொடவில்லை. ரயில்வேக்காரர் ஒருவர் ஓடிவந்து அதைக் கொண்டுபோய்க் கோல் போட்டார். ஆட்டம் நின்றது. நடுவர் நைனாவின் பூட்ஸைத் தடவிப் பார்த்தார்.

"ம், இப்ப வா."

இங்கே பந்து இன்னும் உள்ளேயே சுற்றுகிறது.

"வெளிய அடிங்கடா!" என்று கத்துகிறேன். பேரன் தலையில் அடித்துக்கொள்கிறான்.